தரணேந்திரன் சாரும் பின்பக்கமாக நடந்த கோழியும்

செய்தி வந்தபோது நான் அவலூர்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்றிருந்தேன். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோளில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் துடித்தது. படம் ஓடும்போது போனை எடுப்பதில்லை என்பது என் முப்பது வருட விரதம். துடித்து அடங்கி மறுபடியும் துடித்தது. மூன்றாம் முறை எடுத்துவிட்டேன். தரணேந்திரன் சாரின் மகள் பத்மா.

"மாமா, நைனா போய்ட்டாரு."

"எங்கம்மா போனாரு?" என்று கேட்டேன்.

அப்படிக் கேட்டதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் சாரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவர் எந்நேரமும் எங்காவது போய்க்கொண்டிருந்த மனிதர். மொபெட்டின் முன்கூடையில் ஒரு லேப்டாப் பை, ஒரு பாட்டில் கொதித்து ஆறிய தண்ணீர், நான்கு எலுமிச்சம்பழம். இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லையென்றால் அடுத்த பள்ளிக்கூடத்தில் இருப்பார்.

பத்மா அழவில்லை. ஒப்பிப்பது போலச் சொன்னாள். "குடிக்கிற தண்ணிய அடுப்புல வெச்சுட்டு வந்து நாற்காலியில உக்காந்தாரு மாமா. அவ்ளோதான். நான் போய்ப் பாக்கசொல்ல தண்ணி பாதியா சுண்டிப்போயி கொதிச்சிக்கினே இருக்குது."

எதிரே ஆரத்தித் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. தட்டில் இருந்தது கடைக் குங்குமத்தைக் கரைத்த தண்ணீர். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து வந்த சிவப்பு இல்லை. பார்த்த உடனே தெரிந்தது. அப்படித் தெரிய வைத்தவர் இனி இல்லை என்பது அந்தத் தட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கல்யாண வீடியோவில் ஓர் இடத்தில் படம் ஆடும். கூட்டத்தில் யாரோ இடித்துவிட்டார்கள் என்று வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன். இடித்தது யார் என்று இப்போது அவர்களுக்கும் தெரியட்டும்.

நான் யார் என்பதை அடக்கத்துடன் சொல்லிவிடுகிறேன். செஞ்சி வட்டாரத்தில் நான் வீடியோ எடுக்காத கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று ஒரு கருத்து நிலவுகிறது. அதை நிலவவிட்டவனும் நானே. ராஜகிரிக் கோட்டையில் ராஜாக்கள் இருந்த காலத்தில் நான் பிறக்காமல் போனதால்தான் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் இன்றைக்கு ஆதாரமில்லை. கோவிந்தன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஊரில் அதை யாரும் உபயோகிப்பதில்லை. வீடியோ மாமா என்றால் நாய்கூட வழிகாட்டும்.

சார் எனக்கு நேரெதிர். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து இரண்டு வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்றவர். ஒரு சொல்லைக்கூட அதன் அளவுக்கு மேல் ஊதாதவர். "நேத்து கல்யாணத்துல ஆயிரம் பேரு சாப்ட்டாங்க சார்" என்பேன். "எண்ணினீங்களா?" என்பார். "செஞ்சியே திரண்டு வந்துடுச்சு சார்." "எண்ணினீங்களா?" வேறொன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒரு கேள்வியில் என் ஆயிரம் முந்நூறாகும். முந்நூறு, "ஒரு நூத்தம்பது இருக்கும் சார்" என்று ஒடுங்கும்.

சாரின் படத்திறப்பு அன்றைக்கு வருகிற ஆசிரியர்களுக்கெல்லாம் நைனாவின் பாடங்களை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று பத்மா கேட்டிருந்தாள். சாரும் நானும் எடுத்த வேதியியல் பாடப் படங்கள் பதினான்கு. பதின்மூன்று முடிந்தவை. பதினான்காவது, சாரின் மூச்சோடு பாதியில் நின்றுவிட்டது. அந்த மீதிப் பாதியை நான் எப்படி முடித்தேன் என்பதை, அந்தப் படத்தை வகுப்பில் போடப் போகிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். அதற்கு ஒரு கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோழிக்கும் முன்னால் ஒரு முட்டைக்கோஸைப் பற்றி.

அவர் பள்ளிக்கு ஸ்மார்ட் கிளாஸ் வந்த புதிது. சுவர் அளவு திரை. அமிலமும் காரமும் பாடத்துக்கு அதில் ஒரு வெளிநாட்டுப் படத்தைப் போட்டிருக்கிறார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் சிவப்பு முட்டைக்கோஸை நறுக்கிக் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில் அமிலத்தை ஊற்றினால் ஒரு நிறம், காரத்தை ஊற்றினால் ஒரு நிறம் என்று காட்டுகிறார். முடிந்ததும் சிங்கவரத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, "சார், அந்தக் கோஸு எந்தச் சந்தையில விக்குது?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. சார் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் என் ஸ்டுடியோ வாசலில் மொபெட்டை நிறுத்தினார்.

"கோவிந்தன், நீங்க எத்தனை ஆரத்தி படம் எடுத்திருப்பீங்க?"

"ஒரு லட்சம் இருக்கும் சார்."

"எண்ண வேணாம். ஆரத்தித் தண்ணி ஏன் சிவப்பா இருக்குது?"

"குங்குமம் போடறாங்க சார்."

மொபெட்டை ஸ்டாண்டில் போட்டார். பிறகு, "லட்சம் தடவை பார்த்தவருக்கே தெரியலன்னா, அதைத்தான் படம் எடுக்கணும்" என்றார். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால்தான் அந்தச் சிவப்பு வருகிறது என்றும், சுண்ணாம்பு காரம் என்பதால் மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கிறது என்றும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "அந்தப் பொண்ணு வீட்டு மஞ்சள் டப்பாவுலயே பாடம் இருக்குது. அவள் கோஸைத் தேடிச் சந்தைக்கு ஏன் போவணும்?" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். என்னைப் போன்ற மேதையின் கைவண்ணம் மூன்று நாளில் வேதியியலையே முடித்துவிடும் என்று எண்ணினேன். ஐந்து வருடமாயிற்று.

அவரோடு படம் எடுப்பது நோன்பு இருப்பது போல. சார் நயினார் வீட்டுக்காரர். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்ச் சமணக் குடும்பம். அமிலமும் காரமும் காட்டச் செம்பருத்திச் சாறு வேண்டுமென்றால் செடியில் இருக்கிற பூவைத் தொட மாட்டார். உதிர்ந்த பூவுக்காகக் காத்திருப்போம். பூ உதிரும் நேரத்தில் நான் இரண்டு கல்யாணங்களை முடித்துவிடுவேன். கிளிஞ்சல் சுடும் காளவாய்க்குச் சுண்ணாம்பு எடுக்கப் போனோம். கேமராவை நிமிர்த்தும் முன்பே சார் காளவாய்க்காரரிடம் கேட்டார். "இதுங்க உயிரோட இருக்கும்போது எடுத்ததா, செத்து ஒதுங்கினதா?"

"சார், நான் கிளிஞ்சல் ஓட்டத்தான் வாங்கறேன். அதோட ஜாதகத்தையா வாங்கறேன்?" என்றார் அவர்.

சார் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். கிளிஞ்சலை விட்டுச் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு அந்தப் பாடத்தை எடுத்தோம்.

கோட்டையிலும் ஒரு பாடம் எடுத்தோம். இத்தனை காலம் நிற்கிற சுவரின் சுண்ணாம்புப் பூச்சு காற்றை வாங்கி வாங்கி மறுபடியும் கல்லாகிவிட்டது என்பது பாடம். எலுமிச்சைச் சாறு பட்டால் அந்தப் பூச்சு நுரைக்கும் என்றார். நான் உடனே ஒரு பழத்தை வெட்டிக்கொண்டு கோட்டையின் தானியக் களஞ்சியத்துச் சுவரை நோக்கிப் புறப்பட்டேன். கையைப் பிடித்துக்கொண்டார். "கோவிந்தன், இந்தக் கோட்டை எத்தனையோ படையெடுப்பைப் பார்த்திருக்குது. நீங்க ஒரு எலுமிச்சம்பழத்தோட வந்தீங்கன்னு எழுத வெச்சிடாதீங்க." ஊரில் இடித்துப் போட்ட ஒரு பழைய வீட்டின் காரையைக் கொண்டு வந்து அதில் பிழிந்தோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நியமம் பொழுது. சூரியன் மறைவதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் உயிர் சோற்றோடு போய்விடும் என்று அவர்கள் வீடுகளில் பொழுதுக்குப் பின் அடுப்பே இல்லை. மேற்கே மலை மேல் வெயில் மஞ்சளித்தால் சார் ஒருமுறை வானத்தைப் பார்ப்பார். படப்பிடிப்பு முடிந்தது என்று அர்த்தம். சூரியன் எனக்குத் தயாரிப்பாளர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இனி கோழி.

முதலில் பேசிய ஆரத்திப் பாடத்தைப் பதினோராவதாகத்தான் எடுத்தோம், சிங்கவரத்தில் மல்லிகாக்கா வீட்டு வாசலில். சுற்றுவட்டக் கல்யாணங்களில் ஆரத்தி கரைப்பதில் மல்லிகாக்காவை மிஞ்ச ஆளில்லை. வெண்கலக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, "இன்னா வீடியோகாரரே, பொண்ணு மாப்ள யாரும் காணோம்?" என்றார்.

"கிண்ணந்தான் பொண்ணு, சுண்ணாம்புதான் மாப்பிள்ளை அக்கா."

"அப்ப நீ இன்னா, புரோகிதனா? மூஞ்சப் பாரு. சீக்கிரம் ஆவட்டும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

சார் எவ்வளவு சுண்ணாம்பு என்று கேட்டார். "உளுந்தளவு" என்றார் அக்கா. சார் அதைக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் இரண்டு தடவையும் நிறம் கேமராவில் சரியாக வரவில்லை. மூன்றாம் தடவை மஞ்சள் தண்ணீரின் நடுவே சிவப்பு ஒரு பூப்போல விரிந்து கிண்ணம் முழுவதும் பரவியது. லட்சம் ஆரத்தி பார்த்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததே இல்லை. அடுத்து அதே கிண்ணத்தில் எலுமிச்சையைப் பிழிய வேண்டும். அமிலம் பட்டதும் சிவப்பு மறுபடி மஞ்சளாக வேண்டும். பாடத்தின் உயிரே அதுதான். அதற்குள் மலை மேல் வெயில் மஞ்சளித்துவிட்டது.

சார் வானத்தைப் பார்த்தார். "நாளைக்கு எடுத்துக்கலாமா?"

"ஒரு நிமிஷ வேலை சார். நான் பிழிஞ்சு எடுத்துக்கறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

மொபெட் போனது. எலுமிச்சையை வெட்டிக்கொண்டு திரும்பினால் கிண்ணம் காலி. மல்லிகாக்கா சிவப்புத் தண்ணீரை வாசல் தெருவில் ஊற்றிவிட்டு, விரலால் தொட்டு என் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

"யக்கா, இன்னாக்கா பண்ணிட்ட?"

"ஆரத்தி முடிஞ்சா வாசல்ல ஊத்தாம ஊட்டுக்குள்ள வெச்சி பூஜையா பண்ணுவாங்க? உனக்குந்தான் கண்ணு கழியட்டும், போ."

மறுபடி கரைக்க வெளிச்சம் இல்லை. மூன்றாம் நாள் மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்டம் இருந்தது. ஆசிரியர்கள் எடுத்த பாடப் படங்களைப் பார்த்து, நல்லவற்றை மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்ப ஒரு குழு உட்காரப் போகிறது. சார் ஓய்வு பெற சில மாதங்களே இருந்தன. அவருக்கு அது கடைசி வாய்ப்பு. நான் ஸ்டுடியோவுக்கு வந்தேன். கை எலுமிச்சையைப் பிழிவதைத் தனியாக எடுத்தேன். அதற்குப் பிறகு, மஞ்சள் சிவப்பான அந்த அருமையான காட்சியையே திருப்பி ஓட்டி ஒட்டிவிட்டேன். கிண்ணம் முழுக்க இருந்த சிவப்பு சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி மறைந்து, மஞ்சள் மட்டும் நின்றது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். சார் தன் லேப்டாப்பில் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குது" என்றார். அவர் வாயால் நான் வாங்கிய முதல் நற்சான்று அது.

கூட்டத்தில் திரை பெரிது. சுவரையே மறைக்கிற திரை. சார் முன் வரிசையில், நான் கடைசி வரிசையில். பாடம் ஓடியது. எலுமிச்சை பிழியப்பட்டது. சிவப்பு சுருங்க ஆரம்பித்தது. குழுவில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அப்போதுதான் பார்த்தேன். சின்னத் திரையில் கண்ணில் படாத இடது மூலையில், மல்லிகாக்காவின் மண் நிறக் கோழி பின்பக்கமாக நடந்துபோய்க்கொண்டிருந்தது. நிதானமாக, வாலை முன்னே நீட்டிக்கொண்டு.

யாரும் கவனிக்கவில்லை. கடவுளே யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். சாரின் பின்தலை அசையாமல் இருந்தது. படம் முடிந்தது. கைதட்டினார்கள். சார் எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும். இந்தப் படத்துல கடைசிக் காட்சி பொய். திருப்பி ஓட்டியிருக்குது. கோழியைப் பாருங்க."

மறுபடி போட்டுப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். தலைமை தாங்கியவர் நல்ல மனிதர். "ஒரு கோழிதானே சார்? பசங்க அதையா பார்க்கப் போறாங்க? விஷயம் சரிதானே, எலுமிச்சை விட்டா மஞ்சளாவும்தானே?" என்றார்.

"ஆவும் ஐயா. ஆனா இதுல ஆவல. ஆவாததை ஆச்சுன்னு காட்டிட்டா, மீதி பத்துப் பாடத்தையும் எதை வெச்சு நம்பறது?" என்று சொல்லிவிட்டு, முன்னால் போய்த் தன் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பதினொரு பாடமும் அதில் இருந்தது.

சாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே வெயில் சாய ஆரம்பித்தது. டப்பாவைத் திறந்தார். "கோவிந்தன் அவர்களே, தயிர் சாதம் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். அந்த 'அவர்களே' என் நெஞ்சில் விழுந்த இடம் இன்னும் வலிக்கிறது.

"ஏன் செஞ்சீங்க?"

"அக்கா தண்ணிய ஊத்திட்டாங்க சார். பொழுதும் போயிடுச்சு. நீங்க வேற சாப்பிடப் போயிட்டீங்க."

கையிலெடுத்த கவளத்தைத் திரும்ப டப்பாவில் வைத்தார். பிறகு, "அப்ப இதுல பாதித் தப்பு என்னுது" என்றார். டப்பாவை மூடிவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. திண்டிவனத்துக்குப் போகிற எல்லா பஸ்ஸின் சக்கரமும் என் மேல் ஏறியிருந்தால்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது.

இனி என் ஸ்டுடியோ பக்கமே வரமாட்டார் என்று இருந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு மொபெட் நின்றது. "இனிமே விடிஞ்சதும் எடுப்போம். பொழுது நம்மளைத் துரத்தாது. வாங்க, அந்தக் கோழி வேணும்" என்றார். ஒரே சட்டகத்தில் கோழியும் கிண்ணமும் இருக்க, எலுமிச்சையை நிஜமாகவே பிழிந்து எடுக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

மல்லிகாக்கா வாசலில் எங்களைப் பார்த்து வாயில் கை வைத்தார். "கோழியா? அது கொழம்பாயி ரெண்டு நாளு ஆவுதே சார்! மருமவன் வந்திருந்தாரு."

எனக்குச் சிரிப்பு முட்டியது. சாரைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கைகளைக் கட்டிக்கொண்டு, அந்தக் கோழி நடந்த இடத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். "பொய் சொல்லாத ஜீவன்" என்றார். அக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. வேறொரு கோழியைத் துரத்திக்கொண்டு வந்து விட்டார். அது சட்டகத்துக்குள் நிற்கவே இல்லை. அக்காவின் திட்டு எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆனால் எலுமிச்சை விழுந்ததும் சிவப்பு மஞ்சளானதும் ஒரே காட்சியில், ஒரு வெட்டும் இல்லாமல் கிடைத்தது.

பழைய பொய்க் காட்சியை அழித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அதைப் பாடத்தின் முதல் காட்சியாக வைத்தார். மீள் வினை என்று பிளஸ் ஒன்னில் வருகிறதல்லவா, முன்னாலும் போய்ப் பின்னாலும் திரும்பக்கூடிய வினை, அந்தப் பாடத்துக்கு. அவர் வகுப்பில் அதைப் போட்ட அன்று நானும் கடைசி பெஞ்சில் இருந்தேன். கோஸைக் கேட்ட அதே பெண்தான் முதலில் கத்தினாள். "சார், கோழி ரிவர்ஸ்ல போவுது!" வகுப்பு இரண்டு பட்டது. அடங்கிய பிறகு சார் சொன்னார்: "படம் திரும்பினா கோழியும் திரும்பும். வினை திரும்பினா கோழி அதுபாட்டுக்கு நேரா போவும். வினையைத் திருப்பணும்னா எதையாவது ஊத்தித்தான் ஆவணும்." பிறகு கிண்ணத்தை வைத்துக்கொண்டு எலுமிச்சையைக் கையில் எடுத்தார்.

குழு அடுத்த வருடம் உட்காரவில்லை. சாரும் ஓய்வு பெற்றுவிட்டார். மாவட்டம் அனுப்பாத பாடங்களை மொபெட்டில் அவரே கொண்டுபோனார். ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஆசிரியர், ஒரு பென் டிரைவ். எத்தனை பள்ளி என்று நான் கேட்டிருக்கிறேன். நோட்டைப் பார்த்துச் சொன்னார்: நாற்பத்தொன்று. நானாக இருந்தால் நானூறு என்றிருப்பேன்.

கடைசிப் பாடம் சுண்ணாம்புத் தண்ணீர். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் மூச்சை ஊதினால் பால் போல வெளுக்கும். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அந்த வெளுப்பு கரைந்து மறுபடியும் தெளியும். ஊதுவதற்குப் பிளாஸ்டிக் குழாய் வேண்டாம் என்று கொல்லையில் பப்பாளி இலைக் காம்பு ஒன்றை எடுத்து வந்திருந்தார்; தானாகக் காய்ந்து விழுந்ததுதான். என் ஸ்டுடியோவில் காலை வெளிச்சத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊத ஆரம்பித்தார். குமிழி குமிழியாக மூச்சு இறங்கியது. தண்ணீர் வெளுத்தது. அழகாக வந்தது. இனி தெளிய வேண்டும். ஊதினார். நிறுத்தினார். மறுபடி ஊதினார். காம்பை எடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார், ஒரு பப்பாளிக் காம்பை ஊத மூச்சு இல்லையா? நாதஸ்வரக்காரரைக் கூட்டியாரட்டா?" என்றேன்.

சிரித்தார். நெற்றி வியர்த்திருந்தது. "மீதிய நாளைக்கு ஊதறேன்."

"நாளைக்கு எனக்கு அவலூர்பேட்டையில கல்யாணம் சார். நாளன்னிக்கு வெச்சுக்கலாம்."

"சரி" என்றார்.

மறுநாள்தான் பத்மாவின் போன் வந்தது.

அன்று மாலை, பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செஞ்சியே திரண்டு வந்தது என்று எழுதத்தான் கை துடிக்கிறது. எண்ணினேன் சார். இருநூற்றுப் பதினாறு பேர். மல்லிகாக்கா வந்திருந்தார். கோஸைக் கேட்ட பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அவளும் வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்துப் பதினான்காவது பாடத்தைத் திறந்தேன். தண்ணீர் வெளுக்கிற காட்சி இருக்கிறது. தெளிகிற காட்சி இல்லை. திருப்பி ஓட்டினால் வெளுத்த தண்ணீர் தெளிந்துவிடும். மூலையில் கோழி இல்லை, நான் சரிபார்த்துவிட்டேன். ஊதி உப்பிய சாரின் கன்னத்தையும் குமிழி வருகிற இடத்தையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பாடமும் சரியாக இருக்கும். சாரே முடித்த மாதிரியும் இருக்கும். பத்மா கேட்டதும் அதைத்தானே?

ஒருமுறை திருப்பி ஓட்டினேன். தண்ணீரின் வெளுப்பு மறைந்தது. குமிழிகள் கீழே இறங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் காம்புக்குள் ஏறின. மூச்சு முழுவதும் சாரின் வாய்க்குள் திரும்பிப் போனது. அவர் நெஞ்சு நிறைந்தது. காம்பை எடுத்துவிட்டு, ஊதுவதற்கு முன்னால் இருந்த தெம்போடு என்னைப் பார்த்தார்.

ஒரே முறைதான். அதற்கு மேல் பார்க்க என்னால் முடியவில்லை. கணினியை அணைத்துவிட்டுப் பத்மாவுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் காலை அவள் வந்தாள். கொல்லையில் விழுந்து கிடந்த ஒரு பப்பாளிக் காம்பைக் கொண்டு வந்தாள். வேறொரு பாட்டிலில் புதிதாகச் சுண்ணாம்புத் தண்ணீர் எடுத்து, சாரின் நோட்டில் இருந்த அளவுப்படி நீர்க்க வைத்தாள். கேமராவை நானே ஓடவிட்டு, நானே முன்னால் உட்கார்ந்தேன். "இதுக்கு முன்னால நீங்க பார்த்தது தரணேந்திரன் சார் மூச்சு. இனி ஊதறது வீடியோ கோவிந்தன்" என்று சொல்லிவிட்டு ஊதினேன். தண்ணீர் வெளுத்தது. தெளிய மறுத்தது. தலை சுற்றியது. நிறுத்தி நிறுத்தி ஊதினேன்.

"போதும் மாமா, மயக்கம் வந்துடப் போவுது."

"எண்ணுறியா?"

"எண்ணிக்கினுதான் இருக்கேன்."

கடைசியில் தெளிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பத்மாவின் விரல்கள் பாட்டில் வழியாகத் தெரிந்தன. எத்தனை மூச்சு என்று கேட்டேன். நூற்று முப்பத்தேழு என்றாள். படத்தில் எழுத்தாகவே போட்டிருக்கிறேன். நடுவில் நான் இருமுவதையும் வெட்டவில்லை. வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

படத்திறப்புக்கு வருகிற உங்கள் ஒவ்வொருவருக்கும் பதினான்கு பாடம் கொண்ட பென் டிரைவ் கிடைக்கும். சார் ஊதிய பாட்டில் மட்டும் அதில் சேராது. அதை நான் வைத்துக்கொள்ளப் பத்மா சம்மதித்திருக்கிறாள். மூடி போட்டு ஸ்டுடியோ அலமாரியில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு வெளுத்திருந்த தண்ணீர் மேலே தெளிந்து, அடியில் ஒரு விரல் நகத்தளவுக்கு வெள்ளை படிந்திருக்கிறது. கோட்டைச் சுவரில் கல்லானதும் இதே பொருள்தான் என்று சார் சொல்லியிருக்கிறார். சுவர் அதைக் காற்றிலிருந்து வாங்கியது. இது அவர் நெஞ்சிலிருந்து வந்தது.

மூடியைத் திறந்து நூற்று முப்பத்தேழு முறை ஊதினால் அதுவும் கரைந்து தெளிந்துவிடும். எனக்கு அது தெரியும். திறக்கவில்லை.